சூசை அப்புவுக்குப் பூட்டிய கைபிடி

1

யோசனை பஸ்ஸில்தான் வந்தது. அரியாலையிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு கிழவர் ஏறினார். படியில் ஏறவே இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே வந்து மேல் கம்பியைப் பிடித்தாரோ இல்லையோ, ஆள் தூண் மாதிரி நின்றார். பஸ் வளைவில் திரும்பியபோது நான்தான் பக்கத்து ஆளின் மடியில் போய் விழுந்தேன்.

"தம்பி, கம்பியைப் பிடியும்," என்றார் கிழவர்.

பட்டறைக்குள் போனதும் முதலாளி பொன்னையா அண்ணையிடம் ஓடினேன். "அண்ணை, வயசுபோன ஆக்களின்ரை வீடுகளுக்கு இப்பிடிக் கம்பி பூட்டினால் என்ன? வாசலிலையிருந்து கக்கூஸ் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு போகலாம்."

அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இரும்புக் கேற் அடிக்கவே இஞ்சை ஆள் காணாது. உனக்குப் பஸ்ஸிலை நித்திரை வாறேல்லையோடா?"

"ஒருக்காச் செய்து பாப்பம் அண்ணை."

"ஏ.எல். படிச்சவனை வேலைக்கு எடுத்தது என்ரை பிழை. சரி, செய்."

வேலை பழக வரும் தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதும் முகம் சுடுகிறது.

2

முதல் வேலை குருநகரில், சூசை அப்பு வீட்டில். சொந்த வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி அவர். ஒழுங்கையில் அவரைக் கண்டால் இளவட்டங்கள் சைக்கிளை விட்டு இறங்கும். இப்போது ஒரு கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. மழைக்குள் கக்கூஸுக்குப் போகும்போது விழுந்து இடுப்பில் அடி. மகன் கடலுக்குப் போய்விட்டால் வீட்டில் மருமகள் றீற்றா அக்கா மட்டும்தான்.

"இன்னொருக்கா விழுந்தால் நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும்," என்று றீற்றா அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மாமா அதுக்குச் சம்மதிக்கமாட்டார் தம்பி. செத்தாலும் மாட்டார்."

கக்கூஸ் வளவின் கோடியில் இருந்தது. அதற்கு வளைந்து வளைந்து ஒரு பாதை. எங்கும் மேடு பள்ளம், வேர்கள். பாதை நெடுக ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு மறைப்பு. வளவின் ஒழுங்கைப் பக்கம் வெறும் கம்பி வேலி. அதற்கு அப்பால் பொதுக் கிணறு.

நாடாவைப் பிடித்து அளந்தேன். முற்றத்துக்குக் குறுக்கே நேராகப் போனால் பாதித் தூரம்தான். குழாயை ஓரிடத்திலும் வளைக்கத் தேவையில்லை. அலவாங்கை எடுத்து மறைப்பை நானே பிடுங்கினேன். நேராகச் சீமெந்துப் பாதை போட்டு, இடுப்பளவில் குழாய் பூட்டி, வெல்டிங் மூட்டுகளை அரத்தால் அராவி, வெள்ளிப் பெயின்ற் அடித்தேன்.

சூசை அப்பு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, உந்த மறைப்பு..." என்று தொடங்கினார்.

"இனி அது என்னத்துக்கு அப்பு? நேர்ப் பாதை. கண்ணை மூடிக்கொண்டு போகலாம்."

"நான் மூடலாம்," என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. குழாய் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

3

உடுவிலிலிருந்து ஒரு மாஸ்ரர் தன் தாயாருக்கும் கம்பி பூட்டவேண்டும் என்று பட்டறைக்கு வந்தார். எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. பொன்னையா அண்ணை எங்கள் இருவரையும் தன் காரில் குருநகருக்குக் கூட்டிப்போனார். காலை நேரம். பொதுக் கிணற்றடியில் பெண்கள் கூட்டம்.

என்னுடைய குழாயின்மேல் ஒரு பழைய வள்ளப் பாய் நீளத்துக்குத் தொங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பாருங்கோ மாஸ்ரர், எங்கடை சனத்துக்கு எதைச் செய்து குடுத்தாலும் உடுப்புக் காயப்போடுற கொடியாக்கிப்போடும்!" என்று சிரித்துக்கொண்டே பாயின் தலைப்பைப் பிடித்து ஒரே இழுவையில் உருவினேன்.

பின்னால் சூசை அப்பு நின்றார். இடுப்பளவுப் பாய்க்குள் ஒளிவதற்காக முதுகை மடித்துக் குனிந்தபடி. ஒரு கையில் தண்ணீர் வாளி. மறு கை பாயைத்தான் பற்றியிருந்தது. நான் இழுத்த இழுவையில் ஆள் தள்ளாடிக் குழாயில் மோதி நின்றார். வாளித் தண்ணீர் சாரத்தில் கொட்டியது.

கிணற்றடியில் கப்பிச் சத்தம் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராய் முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பாயைப் போடு தம்பி," என்றார் அப்பு. சத்தம் உயரவில்லை.

போட்டேன். அவர் மறுபடி குனிந்து, அந்தத் துணியைத் தடவித் தடவிப் போனார். குழாய் துணிக்கு அடியில் கிடந்தது. அவருக்குப் பிடிக்க இடமில்லை.

றீற்றா அக்கா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார். "மாமா இப்ப தண்ணி குடிக்கிறேல்லை. தெரியுமோ? குடிச்சால் போகவேணுமாம். போனால் ஊர் பாக்குமாம். நாக்கு வறண்டு கிடக்கிறார். உம்மடை கம்பி நல்ல கம்பிதான். அதைப் பிடிச்சுக்கொண்டு மனிசன் எங்கை போறார் எண்டு யோசிச்சனீரோ?"

மாஸ்ரர் "பிறகு பாப்பம்" என்று காரில் ஏறினார். பட்டறை வாசலில் இறங்கும்போது பொன்னையா அண்ணை, "பஸ்ஸிலை நிக்கிற ஆளை ஆரும் பாக்கலாம். கக்கூஸுக்குப் போற ஆளை?" என்றார்.

4

கொஞ்ச நாள் குருநகர்ப் பக்கமே போகவில்லை. போகாமல் இருப்பது அதைவிட வெட்கமாய் இருந்தது. அவர் இன்னும் தாகத்தோடுதானே இருப்பார்? நேற்றுப் போனேன்.

"அப்பு, பழைய பாதையிலேயே, மறைப்புக்கு உள்ளுக்கை, வளைவுக்கு வளைவு குழாயையும் வளைச்சுப் பூட்டித் தரட்டோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மறைப்பு முதல்," என்றார்.

"ஓம் அப்பு. மறைப்பு முதல்."

"ஞாயித்துக்கிழமை வாரும்," என்றார் றீற்றா அக்கா. "ஒழுங்கைச் சனம் முழுக்கச் சேர்ச்சிலை இரண்டாம் பூசையிலை நிக்கும். நான் விடியப் பூசைக்குப் போயிட்டு வந்திடுவன். ஞாயிறு வேலை செய்யிறது எங்களுக்குத்தான் பாவம். நீர் சைவக்காரன்தானே, செய்யும்!"

அப்புவின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பென்று நான் சொல்லமாட்டேன்.

கிடுகுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். அடைத்து முடிந்ததும், தண்ணீர் வாளியோடு நான் அந்தப் பாதையில் நிமிர்ந்து நடப்பேன். அப்பு என்னைவிட உயரம் என்றபடியால் அவர் உயரத்துக்கு வரத் தலையில் ஒரு கடகப் பெட்டியையும் கவிழ்த்துக்கொள்வேன். றீற்றா அக்கா பொதுக் கிணற்றடியில் நின்று பார்ப்பார். "தெரியேல்லை!" என்று அவர் கூப்பிட்டுச் சொல்லும்வரை, வண்டிலிலிருந்து ஒரு குழாயையும் இறக்கமாட்டேன்.