காலியாக இறங்கிய கார்

மலைக்கு நான்கு அரிசி மூட்டை ஏற்றினாலே என் பழைய காரின் பின்பக்கம் தரையில் உரசியது. மெக்கானிக் இரண்டு ஸ்பிரிங் பட்டை போதும் என்றார். நான் நான்கு சேர்த்து உயர்த்தச் சொன்னேன்.

மூட்டைகளை இறக்கிவிட்டுப் போடிமெட்டிலிருந்து மலையிறங்கித் திரும்பும்போதுதான் தவறு புரிந்தது. மூன்றாவது வளைவில், கனமில்லாத பின்சக்கரங்கள் துள்ளின. கார் வழுக்கி, பள்ளத்துக்கு இரண்டடியில் நின்றது. இன்னும் பதினான்கு வளைவுகள்.

நடந்துவந்த தோட்டத் தொழிலாளிப் பெண்கள் மூவர் எட்டிப் பார்த்தார்கள்.

“பின்னால கனம் இல்லண்ணே, அதான் துள்ளுது. நாங்க ஏறிக்கிறோம்.”

“கவுந்தா நீங்களும் போயிருவீங்க ஆத்தா.”

“அப்பக் கவுக்காம ஓட்டுங்க. வீட்ல சோலி கெடக்கு.”

நான்கு உயிருக்கும் பயந்து, ஊர்ந்தே போடி வந்து சேர்ந்தேன்.

அதுவரை அந்தச் சாலையில் நடந்த ஒருவரைக்கூட நான் ஏற்றியதில்லை, ஸ்பிரிங் தாழ்ந்துவிடும் என்று.