வாய்க்கால் இல்லை என்று போட்ட கையெழுத்து

சடையப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கழிக்கரைப் பேரூராட்சியில் பள்ளத்தெருவில் அவர் வயசு ஆட்களில் பாதிப் பேர் இன்னும் மை தடவிக் கட்டைவிரல் வைக்கிறவர்கள். இவர் மூணாவது வரைக்கும் போனவர். பெயரை முழுசாக எழுதுவார். முதல் எழுத்துக்கு ஒரு கொக்கி இழுப்பார். கடைசி எழுத்தின் புள்ளியை அழுத்துகிற அழுத்தில் பேனா முனை காகிதத்தைப் பொத்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடும். ரேஷன் கடைக்காரர்கூட, "யோவ், புள்ளி வைக்கிறியா, கெணறு வெட்றியா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கையெழுத்துதான் அவரை மாட்டிவிட்டது.

ஐம்பத்திரண்டு வயசில் முப்பத்தைந்து வருசம் உப்பளத்தில் போனது. தை பிறந்தால் பாத்தியை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். மாசியிலிருந்து பலகை போட்டு உப்பு வார வேண்டும். புரட்டாசியில் வானம் கறுத்தால் பலகையைத் தூக்கி மூலையில் சாத்திவிட்டு, அடுத்த மூணு நாலு மாசம் கிடைத்த வேலைக்குப் போக வேண்டும். கிடைக்காத வருசமும் உண்டு.

இந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம் அவர் உப்பு வாரிவிட்டுக் கரையேறும்போது ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் வந்து நின்றான். பெயர் கார்த்திகேசன். திண்டிவனத்துத் தட்சணாமூர்த்தி என்பவர் கடற்கரை ரோட்டுக்கும் பள்ளத்தெருவுக்கும் நடுவில் கிடந்த பன்னிரண்டு ஏக்கரை வாங்கி மனை போடப்போகிறாராம். இவன் அவருடைய மேனேஜர். கையில் வரைபடம். கூட ஒருத்தன் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், ஒரு சின்ன விவரம். இந்த எடத்துல வாய்க்கால் ஏதாச்சும் போவுதா?"

சடையப்பனை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாய்க்கால்லாம் தூர்ந்து போயி பதினஞ்சு வருசம் ஆவுதுங்க. இப்ப ஒண்ணும் கெடையாது."

"அத எழுதிக் குடுப்பீங்களா?"

"உள்ளதச் சொல்றதுக்கு என்னாங்க? குடுங்க."

கார்த்திகேசன் எழுதினான், இவர் கொக்கியும் புள்ளியுமாகக் கையெழுத்துப் போட்டார். ப்ளாட் போட்டு முடித்ததும் வாட்ச்மேன் வேலை உங்களுக்குத்தான் சார் என்று சொல்லிவிட்டுக் காரேறினான். மழைக்காலத்துக்கு வழி பிறந்தது என்று சடையப்பன் அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அவர் சொன்னது பொய் இல்லை. உப்பளத்துக்காரனுக்கு வாய்க்கால் என்றால் கடலோரக் கழியிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாத்திக்குக் கொண்டுவருவது. போர் போட்டு மோட்டார் வைத்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போய் மண் மூடிவிட்டது. அந்தப் பன்னிரண்டு ஏக்கரின் குறுக்கே ரோட்டுப் பாலத்திலிருந்து கழி வரைக்கும் ஒரு பள்ளம் போகிறதே, அதை அங்கே யாரும் வாய்க்கால் என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பெயர் போக்கு. எட்டு மாசம் அதில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசியில் மேற்கே கிளியனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போனால் அந்தத் தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்கிக் கழிக்குப் போகும். புயல் வருசத்தில் ஒரு பனைமரம் விழுந்து போக்கை அடைத்துக்கொண்டது. ஒரே ராத்திரிதான். பள்ளத்தெருவின் நாற்பது வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். சடையப்பன் பெண்டாட்டி கமலாம்பாள் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு விடிகிற வரைக்கும் கட்டில்மேல் நின்றாள்.

ஆவணி மாசம் கமலாம்பாள்தான் முதலில் பார்த்தாள்.

"இந்தாய்யா, போக்குக்கு நடுவுல குச்சி நட்டு செவப்புத் துணி கட்டிக்கீறானுங்க. கேட்டா அது முப்பதடி ரோடாம். ரெண்டு லாரி செம்மண்ணு கொட்டிக் கெடக்குது."

"போக்குலயா? போக்க வுட்டுட்டுத்தான் போடுவாங்க."

"வுட்டுட்டு எங்க போடுவான், ஒன் தலைமேலயா?"

புரட்டாசி முதல் வாரம், பொழுது சாய்கிற நேரம், பூவிழி வந்தாள். அதே தெருப் பெண், அந்த வார்டுக்குக் கவுன்சிலர். கையில் மறுநாள் மன்றக் கூட்டத்தின் அஜெண்டா. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சித்தப்பா, பொருள் எண் ஏழு. படிக்கிறேன், கேளுங்க. 'மேற்படி மனைப்பிரிவு இடத்தில் நீர்வழி ஏதும் இல்லை என்பது வரைபடத்தாலும், உள்ளூர்வாசி திரு. சடையப்பன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தாலும் தெரியவருகிறது.' இது நீங்களா?"



"நான் வாய்க்கால் இல்லைன்னுதாம்மா சொன்னேன்."

"அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சித்தப்பா. விழுப்புரத்துல டெக்னிக்கல் அப்ரூவல் ஆயிடுச்சு. நாளைக்கு மன்றத்துல ரோட்டையும் பார்க்கையும் தானமா ஏத்துக்கிட்டுத் தீர்மானம் போட்டா முடிஞ்சுது. மக்யா நாளே மண்ணு அடிப்பான். மழைக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல."

கமலாம்பாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சார்னு கூப்ட்டானாம். அதுக்கு நாப்பது வூட்டையும் எழுதிக் குடுத்துட்டு வந்துக்கீறாரு."

பூவிழி ஒரு மனு எழுதினாள். அவர் கையெழுத்துப் போடும்போது இந்தத் தடவை புள்ளி காகிதத்தைக் கிழித்தே விட்டது.

மறுநாள் பதினோரு மணிக்குப் பேரூராட்சி அலுவலகத்தில் கூட்டம். பார்வையாளர் பெஞ்சில் சடையப்பன் ஓரமாக உட்கார்ந்தார். மறு ஓரத்தில் கார்த்திகேசன், மடியில் தடித்த ஃபைல். மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தான்.

"இன்னா பெருசு, இங்க?"

சாரைக் காணோம்.

"ஒண்ணும் இல்லீங்க."

"எழுதிக் குடுத்துட்டு மாத்திப் பேசினா பொய் வாக்குமூலம். கேஸ் ஆவும், தெரியுமா? வாட்ச்மேன் வேலை வேணுமா, கோர்ட்டுக்கு அலையறியா? யோசிச்சுக்கோ."



தெருவிளக்கு, தண்ணீர் மோட்டார் என்று ஒன்று இரண்டு மூன்று போனது. நாலாவது தெருநாய். அதற்கு அரை மணி நேரம் சண்டை. ஒரு கவுன்சிலர் தன்னைக் கடித்த நாய் எந்த வார்டு நாய் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தும் ஆறும் நிமிசத்தில் முடிந்தது.

"பொருள் எண் ஏழு," என்றார் தலைவர் பக்தவச்சலம். "மனைப்பிரிவு. பேப்பரெல்லாம் சரியா இருக்குது. ஆட்சேபணை இல்லைன்னா..."

"இருக்குதுங்க." பூவிழி எழுந்தாள். மனுவைக் கொடுத்தாள். "அந்த எடத்துக்குக் குறுக்கதான் மழைத் தண்ணி போவுது. ரோடு போட்டா எங்க தெரு முழுகிடும்."

செயல் அலுவலர் வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. வெளியூர்க்காரர். நேர்மையான ஆள் என்று பேர். அவர் ஃபைலைப் புரட்டி நிதானமாகச் சொன்னார்: "அம்மா, புல வரைபடத்துல ஓடையும் இல்ல, வாய்க்காலும் இல்ல. பட்டா நிலம். உங்க தெருக்காரரே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கார். நான் எதை வச்சு நிறுத்துறது?"

"எழுதிக் குடுத்தவரு அதோ இருக்காரு. கேளுங்க."

"பார்வையாளர் மன்றத்துல பேச முடியாதும்மா."

"அவரு கையெழுத்து ஃபைல்ல பேசுது. அவரு வாய் மட்டும் பேசக்கூடாதா?"

தலைவர் செயல் அலுவலரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ரெண்டு நிமிசம். வாய்யா."

சடையப்பன் எழுந்து நின்றார். நாயிடம் கடிபட்ட கவுன்சிலர் குரல் கொடுத்தார்: "ஏம்பா, சித்திரையில வாய்க்கால் இல்லைன்னியே, புரட்டாசியில மொளைச்சிடுச்சா?"

மறுபடியும் சிரிப்பு. பூவிழி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய்க்கால் இல்லீங்க," என்றார் சடையப்பன். "அன்னைக்கும் இல்ல. இன்னைக்கும் இல்ல."

பூவிழி முகம் செத்துப்போனது. கார்த்திகேசன் ஃபைலை மூடினான்.

"அப்ப முடிஞ்சுது," என்றார் தலைவர்.

"முடியலீங்க. வாய்க்கால்தான் இல்ல. போக்கு இருக்குது."

"என்ன இருக்கு?" என்றார் செயல் அலுவலர்.

"போக்குங்க. வாய்க்காலு தண்ணியக் கொண்டாரும். போக்கு கொண்டுபோவும். அந்த சாரு வாய்க்கால் இருக்குதான்னு கேட்டாரு, இல்லைன்னேன். போக்கு இருக்குதான்னு கேட்ருந்தா காலால நடந்தே காட்டியிருப்பேன்."

கார்த்திகேசன் எழுந்துவிட்டான். "சார், இது சும்மா வார்த்தை ஜாலம். அப்படி ஒண்ணு எந்த ரெக்கார்டுலயும் கெடையாது. யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க."

"நீங்க உக்காருங்க," என்றார் செயல் அலுவலர். சடையப்பன் பக்கம் திரும்பினார். "அவர் கேக்கிறதும் சரிதானே பெரியவரே. நீங்க சொல்றது எந்த ரெக்கார்டுல இருக்கு?"

ரெக்கார்டு என்றால் சடையப்பன் எங்கே போவார்? ரோட்டுப் பாலத்தைச் சொல்லலாமா? பனைமரத்தைச் சொல்லலாமா? கமலாம்பாள் கட்டில்மேல் நின்றதை எந்தக் காகிதத்தில் எழுதிவைத்தார்கள்? வலது கை வெறுமனே பேனா பிடிப்பதுபோல் குவிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது.

"உங்க ஆபீசுலயே இருக்குதுங்க."

"எங்க?"

"வருசா வருசம் மழைக்கு முன்ன உங்க ஜேசிபி வந்து போக்குல முள்ளு எடுக்குது. இந்த வருசந்தான் இன்னும் வரல. வண்டிக்கு முன்ன நடந்து வழி காட்றது நானு. வேலை முடிஞ்சா டிரைவரு ஒரு சீட்டுல எங்கிட்ட கையெழுத்து வாங்கிக்கினு போவாரு. அந்தச் சீட்டு எங்கங்க போவும்? இங்கதான வரணும்?"

செயல் அலுவலர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க், "மழைக்கால முன்னேற்பாடு ஃபைல் சார்... பின்னாடி ரூம்ல கெடக்கும், தேடணும்" என்று இழுத்தார்.

"தேடுங்க."

"அஞ்சு நிமிசம் பாக்குறேன்," என்றார் தலைவர். "இல்லைன்னா ஓட்டுக்கு விட்றுவேன். சாப்பாட்டுக்கு நேரமாவுது."

பீரோக் கதவு கிறீச்சிட்டது. கட்டுகள் விழுகிற சத்தம். கிளார்க் இருமினார். கார்த்திகேசன் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்தான். சடையப்பன் உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் அஞ்சு நிமிசம் ஆகி ஆறாவதும் ஓடியது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, ஓட்டுக்கு..."

"இருக்கு சார்!" தலை முழுக்க ஒட்டடையோடு கிளார்க் வந்தார். நாலு சீட்டு. ஒன்றைக் கரையான் அரித்திருந்தது. மிச்சம் மூன்றும் முழுசு. செயல் அலுவலர் வாங்கிப் படித்தார்.

"'பள்ளத்தெரு போக்கு. ரோட்டுப் பாலம் முதல் கழி வரை முள் அகற்றிச் சுத்தம் செய்யப்பட்டது.'"

கீழே கையெழுத்து. கொக்கி போட்ட எழுத்து. செயல் அலுவலர் ஒரு சீட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கடைசிப் புள்ளியின் வழியாக வெளிச்சம் ஊசிபோல் வந்தது. வாக்குமூலத்தையும் எடுத்து அப்படியே பிடித்தார். அதிலும் வெளிச்சம் வந்தது.

"ஒரே ஆள்தான்," என்றார். பிறகு சீட்டுகளைத் தலைவர் பக்கம் தள்ளினார். "நாமளே வருசா வருசம் மெஷின் விட்டுத் தூர் வாரியிருக்கோம். அதுமேல ரோடு போடலாம்னு நான் எழுத முடியாது சார். நேர்ல பார்த்துட்டு வரைபடத்தை மாத்திக் கேக்கணும்."

தலைவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒத்திவைப்பு. வெள்ளிக்கிழமை எடத்தப் பாருங்க. அதுவரைக்கும் ஒரு கூடை மண்ணு விழக்கூடாது."

பூவிழி அப்போதுதான் உட்கார்ந்தாள். மேசையில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

புது வாக்குமூலம் எழுத கிளார்க் சடையப்பனைக் கூப்பிட்டார். 'நீர்வழிப் பாதை' என்று ஆரம்பித்தார்.

"அது இன்னாங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

"அப்பிடிச் சொல்லித்தாங்க இவ்ளோ தூரம் வந்துது. போக்குன்னே எழுதுங்க. எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க."

அவர் எழுதிப் படித்துக் காட்டினார். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சடையப்பன் பேனாவைத் தொட்டார்.

வாசலில் கார்த்திகேசன் காரில் ஏறிக்கொண்டிருந்தான். "மழைக்காலத்துக்கு இருந்த வேலையக் கெடுத்துக்கினே பெருசு."

"ஆமாங்க," என்றார் சடையப்பன். அது அவருக்கும் வலிக்கத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை காலை செயல் அலுவலரும் சர்வேயரும் வந்தார்கள். கார்த்திகேசனும் வந்தான். அவன் முதலாளி வரவில்லை. தெருவே திரண்டு போக்கின் கரையில் நின்றது. மேற்கே வானம் லேசாகக் கறுத்திருந்தது. சர்வேயர் டேப்பை விரித்துக்கொண்டே, பேனாவைக் காதில் செருகியபடி, சாதாரணமாகக் கேட்டார்:

"பெரியவரே, இந்தப் பக்கம் பாதை ஏதாச்சும் இருக்குதா?"

கார்த்திகேசன் காதைத் தீட்டிக்கொண்டான். கமலாம்பாள் புருசன் முதுகில் ஒரு விரலால் குத்தினாள்.

சடையப்பன் துண்டைத் தலையிலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பாதைன்னா நீங்க எதச் சொல்றீங்க? ஆளு நடக்கிறதா, வண்டி போறதா, தண்ணி போறதா? மொதல்ல அதச் சொல்லுங்க. அப்பால நான் சொல்றேன்."