புழுவெட்டுக்குப் போட்ட மொட்டை

மொதல்ல பாத்தது எம்பொண்ணுதான். எனக்குத் தலை சீவி உட்டுக்கிட்டிருந்தவ சீப்ப நிறுத்திட்டு, "அம்மா, பின்னாடி அஞ்சு ரூவாக் காசு அளவுக்கு முடியே இல்ல"ன்னா. கண்ணாடிக்கு எட்டாத எடம். தொட்டுப் பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு. அன்னிக்கு ஆரம்பிச்ச சலிப்பு இன்னும் தீரலீங்க.

எங்க ஊரு எருமப்பட்டிக்குப் பக்கம். ஒரு கோழிப்பண்ணையும் கொஞ்சம் சோளக்காடும் உண்டு. முடி கொட்டுதுன்னு வாயத் தொறந்தாப் போதும், ஊரே வைத்தியராயிரும். போர் தண்ணி உப்புன்னாங்க. லாரித் தண்ணி வாங்கி ஊத்திப் பாத்தேன். முட்டை வெள்ளக்கருவத் தடவச் சொன்னாங்க. பண்ணை வெச்சிருக்கறவளுக்கு முட்டைக்கா பஞ்சம், நாலு மாசம் தடவுனேன், வீச்சம்தான் மிச்சம். புழு உள்ள இருந்து முடியக் கத்திரிக்குதுன்னு பக்கத்துக் காட்டுக்காரம்மா சொல்லி, சின்ன வெங்காயத்த அறுத்துத் தோலு கன்னிப்போற வரைக்கும் தேச்சு உட்டாங்க. அது புண்ணானதுதான் கண்ட பலன். ஒண்ணு மூணாச்சு, மூணு அஞ்சாச்சு.

கடைசியா சேலத்துக்குப் போயித் தோல் டாக்டரப் பாத்தேன். சின்ன வயசுப் பொம்பள. "புழுவும் இல்ல, பூச்சியும் இல்லம்மா. உங்க உடம்போட காவல் சக்தியே ஆள் தெரியாம முடி வேர அடிக்குது. யாருக்கும் ஒட்டாது. ஊசி போட்டா வளர வாய்ப்பிருக்கு, ஆனா திரும்பவும் வரலாம்"னாங்க. தைராய்டு பாக்க ரத்தம் எடுத்தாங்க. மாசம் ஒருக்கா அந்தந்த எடத்துல சின்னச் சின்னதா ஊசிக் குத்து. பரம்பரையா வருமுங்களான்னு கேட்டேன். சில குடும்பத்துல வரும், நெறைய பேருக்கு வராதுன்னாங்க. நெறையங்கறத உட்டுட்டு அந்தச் சிலதுதான் என்ன அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ஏன்னா, அப்பத்தான் எம்பொண்ணுக்கு ராசிபுரத்துப் பக்கமிருந்து ஒரு எடம் வந்திருந்துச்சு. ஒரே பையன், பெங்களூர்ல வேலை, சாதகமும் நல்லாப் பொருந்தியிருந்துச்சு. இந்தக் காலத்துல பொண்ணு கெடைக்காமப் பையனூட்டுக்காரங்கதான் அலையறாங்கன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். பெத்தவளுக்குப் பயம் போகுமா? அம்மாக்காரி மண்டையில இப்படி இருந்தா நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னுதானே நெனைப்பாங்க.

அந்தப் பயத்துல வந்த யோசனைதான் மொட்டை. எங்க பக்கம் என் வயசுப் பொம்பளைங்க கொலசாமிக்கு மொட்டை போடறது சாதாரணம். மொட்டத் தலையப் பாத்து முடி எங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வேண்டுதலான்னு கேப்பாங்க, அத்தோட உட்டுருவாங்க. பொண்ணு பாக்க வர்றதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி போயிப் போட்டுக்கிட்டு வந்தேன். எதுக்கு இதுன்னு எங்கூட்டுக்காரரு கேட்டாரு. பொண்ணுக்கு நல்ல எடம் அமையோணும்னு வேண்டிக்கிட்டேன்னேன். மனுசன் கண்ணு கலங்கிட்டாரு. எனக்கே சீன்னு போச்சு.

அதுக்கப்புறம்தான் கணக்குத் தப்புச்சு. பையனூட்டுப் பங்காளி வகையில ஒரு சாவு, தீட்டுன்னு மூணு வாரம் தள்ளிப் போட்டுட்டாங்க. அதுக்குள்ள தலையெல்லாம் முடி மொளைக்குது, அந்த அஞ்சு எடத்தத் தவிர. வெதச்சு மொளைச்ச காட்டுல அங்கங்க பாறை தெரியற மாதிரி. முன்னயாவது மேல இருந்த முடியச் சீவி மறைச்சேன், இப்ப அதுக்கும் வழியில்ல. அவங்க வர்ற அன்னிக்குக் காலையில சந்தனத்தக் கொழைச்சு மண்டை பூரா அப்பிக்கிட்டேன். எம்பொண்ணு பாத்துக்கிட்டே நின்னா.

பையனோட அம்மா மரியாதையான மனுசி. காப்பிய வாங்கிக்கிட்டு, "மொட்டை எப்பப் போட்டீங்க?"ன்னு கேட்டாங்க.

"முந்தாநேத்துத்தானுங்க."

எப்படித்தான் வாயில வந்துச்சோ.

"வேண்டுதலுங்களா?"

"ஆமாங்க. பொண்ணுக்காவ."

அவங்க டம்ளரக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையையும் எடுத்து என்னக் கும்பிட்டாங்க. கூசிப் போச்சு எனக்கு. அப்பத்தான் காப்பித் தட்டோட நின்ன எம்பொண்ணு வாயத் தொறந்தா.

"வேண்டுதல் இல்லீங்கம்மா. அம்மாவுக்குப் புழுவெட்டு. ரெண்டு வருசமாச்சு, சேலத்துல ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க. எனக்கும் வரலாம், வராமயும் போலாம். தெரிஞ்சுக்கிட்டே முடிவு பண்ணுங்க."

எங்கூட்டுக்காரரு என்னத் திரும்பிப் பாத்தாரு. அந்தப் பார்வைக்கு நான் தலையத் தூக்கல. வந்தவங்க காப்பியக் குடிச்சாங்க, மழை பேஞ்சதா, முட்டை வெலை என்னன்னு நாலு வார்த்த பேசுனாங்க. போன் பண்றமுங்கன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க. நாலாம் நாளு தரகரு கூப்பிட்டாரு. சாதகத்த இன்னொருத்தருகிட்டக் காட்டுனாங்களாம், பொருந்தலையாம்.

போன வெச்சுட்டு எம்பொண்ணப் புடிச்சுக்கிட்டேன். "வந்த எடத்தக் கெடுத்துட்டு நிக்கறியே, யாருக்காவடி நான் மொட்டை போட்டேன்?"னு வாயில வந்ததையெல்லாம் பேசுனேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. கோவிச்சுக்கவும் இல்ல, அழுவவும் இல்ல.

"நாளைக்கு எனக்கு வந்தா என்னம்மா பண்ணுவ?"ன்னு கேட்டா. "என்னைய ஊசிக்குக் கூட்டிக்கிட்டுப் போவியா, கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி மொட்டை அடிப்பியா?"

இதென்ன கேள்வி, ஊசிக்குத்தான்னு சொல்ல வாய எடுத்தேன். ஆனா, பொண்ணு பாக்க வர்ற நேரத்துல மண்டையில குத்துன தடம் தெரியுமேன்னு, அந்த மாச ஊசிக்கு நான் போகவே இல்ல. அது அவளுக்குத் தெரியும்.