லேப்டாப்பை ஆற வைத்தேன்

வட்டம்

காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். திரை நடுவில் சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. டீ வந்தது, டீ ஆறியது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் சொக்கியது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் யூனிட்டில் நான் கலர் செக்‌ஷன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மயிலுக்குக் கழுத்து எழுதுவேன், பொம்மைக்குக் கண் எழுதுவேன். விரல் நடுங்க ஆரம்பித்ததும் ஓனர் மல்லிகா என்னை இந்த லேப்டாப் முன்னால் உட்கார வைத்தார். ஆர்டர் கொடுப்பவர்கள் போட்டோ அனுப்பி, இந்த நிறம் வேண்டும் என்பார்கள். அது எந்த டப்பாவில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். டப்பாவில் கருப்பாக இருப்பது சூளையில் வெந்தால் நீலமாக வரும். பூசியபோது எடுத்த போட்டோவும் வெந்த பிறகு எடுத்ததும் ஜோடி ஜோடியாக லேப்டாப்பில் இருந்தன. ஆட்களோடு பேச எனக்கு வாய் வராது. டைப் அடிப்பதில் கூச்சம் இல்லை.

மல்லிகா வந்து பார்த்தார்.

"அஞ்சலக்கா, இது போச்சுக்கா. எந்தக் காலத்து லேப்டாப்பு. இனிமே போனுலயே நான் பாத்துக்கறேன். நீங்களும் எவ்ளோ நாளுதான் ஓடுவீங்க, வூட்ல ரெஸ்ட் எடுங்க."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டில் இருந்தால் நாள் முழுவதும் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

"ஒரு தடவ கடையில காட்டிட்டு வந்துடறேம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

பச்சை மண்

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் தட்டிப் பார்த்தார்.

"டிஸ்க்கு நல்லா இருக்குதும்மா. சிஸ்டந்தான் கெட்டுப் போச்சு. லினக்ஸ் போட்டா ஓடும். பழைய வண்டிக்கு அதான் ஒத்துக்கும்."

"அது எங்க விக்கிறாங்க?"

"விக்கிறதில்லம்மா. யார் யாரோ சேந்து எழுதி வெச்சிருக்காங்க. நெட்டுல இருந்து எறக்கிக்க வேண்டியதுதான்."

இறக்கினார். பென்டிரைவில் எழுதி லேப்டாப்பில் சொருகினார். திரை மெல்ல விடிந்தது.

"இன்னும் ஏத்தலம்மா. பென்டிரைவ்ல இருந்துதான் ஓடுது. புடிச்சிருக்குதா பாருங்க."

படம் வரையும் இடம் ஒன்று இருந்தது. மயில் கழுத்து வரைந்தேன். திரையில் விரல் நடுக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. கழுத்து நீண்டுகொண்டே போனது, நானும் அதோடு போனேன். பாய் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டபோது மயில் இல்லை.

"சேவ் பண்ணலியேம்மா, போயிடும்."

"பச்ச மண்ணு" என்றேன்.

"என்னம்மா?"

"வேகாத பொம்ம. தண்ணி பட்டா கரைஞ்சிடும்."

பாய் சிரித்தார். "அப்ப சூளையில ஏத்திட வேண்டியதுதான்."

பழைய போட்டோக்களை முதலில் வேறொரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தார். அன்று கடைத்தெருவில் கரண்டு நிறுத்தப் போகிறார்கள், என் லேப்டாப்பில் பேட்டரி போய்விட்டது, பாதியில் நின்றால் கெட்டுவிடும் என்று என்னையே ஏற்றிக்கொள்ளச் சொன்னார். எங்கள் யூனிட்டில் ஜெனரேட்டர் உண்டு.

"பழசு எல்லாம் அழிஞ்சிடும்னு பயமுறுத்தும், பயப்படாதீங்க. பாதில தொடாதீங்க. முடிஞ்சதும் பென்டிரைவ எடுத்துட்டு என்டர் தட்டுங்க."

ஏற்றம்

சூளைச் சுவரை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தேன். முதலில் எந்த மொழி என்று கேட்டது. ஊர் ஊரான எழுத்துகள் அலமாரி பொம்மைகள் மாதிரி வரிசையாக நின்றன. இறக்கிக்கொண்டே போனதில் தமிழ் வந்தது. மணி வைக்க, இருக்கிற இடம் கேட்டு உலகப் படத்தைக் காட்டியது. நம்ம ஊர் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் அழுத்தினேன். கொல்கத்தா என்றது. மறுத்துப் பேசவில்லை. பெயர் கேட்டது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அஞ்சலை என்று அடித்தேன். பாஸ்வேர்டுக்கு மயில் கழுத்து டப்பாவின் நம்பரைப் போட்டேன். பழசு அழிந்துவிடும் என்று பயமுறுத்தியது. ஆம் என்று அழுத்தினேன்.

கோடு நகர்ந்தது. சுவரின் சூடு முதுகில் இதமாக ஏறியது. லேப்டாப்பின் உள்ளே வரிசையாக மயில்கள் வெந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. பார்த்தபோது முடிந்திருந்தது.

பென்டிரைவை எடுக்கக் கை போகவில்லை. லேப்டாப்பின் அடியைத் தொட்டேன், கொதித்தது. தீ நிறுத்திய சூளையை உடனே திறப்பவர்கள் உண்டா? குளிர்ந்த காற்று பட்டால் பொம்மை மேல் பூசிய பளபளப்பு, கிளேஸ் எல்லாம் வெடித்துவிடும். துண்டை எடுத்து மூடினேன்.

கிளேஸ் போடும் குப்பு பார்த்துவிட்டாள். "என்னாக்கா, போர்வ போத்தி தூங்க வெக்கிறீங்க? தாலாட்டு பாடலியா?"

"ஆறட்டும்டி. காலையில தொறக்கலாம்."

திறப்பு

காலையில் மல்லிகா துண்டை எடுத்துப் பார்த்தார். திரை இருட்டாக இருந்தது.

"நேத்தே சொன்னேன்லக்கா. பாண்டிச்சேரிக்காரரு மயிலு ஆர்டருக்கு எந்த நீலம்னு கேட்டு உயிர எடுக்கறாரு. போனுல பாத்தா எல்லா நீலமும் ஒண்ணாத்தான் தெரியுது."

லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கீயைத் தட்டியதும் திரை விழித்தது. நேற்றைய எழுத்து அப்படியே நின்றது. பென்டிரைவை எடுத்தேன். என்டர் தட்டினேன்.

இருட்டு. பிறகு கொஞ்சம் வெளிச்சம். பிறகு தமிழில், நட்டநடுவில், என் பெயர்.

மல்லிகா குனிந்து படித்தார். "அஞ்சலைன்னு வருது. பாஸ்வேர்டு கேக்குது?"

"எனக்குத் தெரியும்மா."

என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "அப்ப நீங்கதான் உக்காரணும். வூட்டுக்குப் போவாதீங்கக்கா, மயில முடிச்சுக் குடுங்க."

பாய் கொடுத்த போட்டோக்களைப் போட்டு, ஜோடியைத் தேடி, டப்பாவைச் சொன்னேன். அதன் பிறகு ரெஸ்ட் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். முதலில் பச்சையாக ஓட்டிப் பாருங்கள். வேண்டியதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஏறும்போது தொடாதீர்கள். ஆற வைக்கத் தேவையே இல்லை என்று பாய் சொல்கிறார். இருக்கட்டும், எனக்கு ஆற வைத்துத்தான் பழக்கம். பெயர் கேட்கும் இடத்தில் மட்டும் உங்கள் பெயரையே போடுங்கள். அன்றைக்கு யூனிட் பெயரைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.