வேனைக் கழற்றினேன், பழுதைக் காணவில்லை

கராஜ் நடத்துகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா: ஓடாத வண்டியைக்கூடச் சமாளித்துவிடலாம், ஓடிக்கொண்டே புகை விடுகிற வண்டிதான் மானத்தை வாங்கும். கெலிஓயாவில் இத்தனை வருடம் ஸ்பேனர் பிடித்த எனக்கு அப்படி ஒன்று வந்து வாய்த்தது.

கறுத்த பிளக்

மடுல்கெல்லச் செல்வம் பழைய பெட்ரோல் வேன் ஒன்றில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிறவர். இந்த முறை வேன் புகைப் பரிசோதனையில் தேறவில்லை. தேறாமல் வண்டி லைசனைப் புதுப்பிக்க முடியாது. பழையது முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

பெட்ரோலுக்குத் தீப்பொறி போடும் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. எஞ்சினுக்குள் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. பிளக்கையும் எயார் பில்டரையும் மாற்றி, இனிப் பயமில்லை என்று பெருமையாக அனுப்பிவைத்தேன். நான்காம் நாள் திரும்பி வந்தார்.

"பாஸ், பெட்ரோல் வாடையில பின் சீட்டுப் பிள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க," என்றார்.

கருவி சொன்னது

எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேன் கருவியை மாட்டினேன். பெட்ரோல் அதிகம் என்றது. அது எனக்கே தெரியும். ஏன் என்றுதான் சொல்லவில்லை. எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். புகைக்குழாயில் இருந்துகொண்டு பெட்ரோல் கூடக்குறையச் சொல்லும் ஒட்சிசன் சென்சர் மேல் பழியைப் போட்டேன். கம்பளையில் சாமான் கடை வைத்திருக்கும் என் மச்சான் வேறொன்று தந்தான். மாட்டியும் வேன் தேறவில்லை. அவனிடமே போய்ச் சண்டை பிடித்தேன்.

"சாமான் நல்லம் மச்சான். ஒங்கட வைத்தியம்தான் பிழை," என்றான்.

இரண்டு நாள் நின்ற வேன்

அடுத்து பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிக் கழுவினேன். வேன் இரண்டு நாள் கராஜில் நின்றது. பிள்ளைகளை ஏற்ற வேறு வேன் போனது. சில பெற்றோர் பிள்ளைகளை அந்த வேனிலேயே விட்டுவிட்டார்கள். அதைச் செல்வமே வந்து சொன்னார். ஆனாலும் என் வாய் குறையவில்லை. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று அவர் மேலேயே பாய்ந்தேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது.

"புதுசு வாங்க வழி இருந்தா நான் ஏன் பாஸ் ஒங்ககிட்ட வந்து நிக்கிறேன்?" என்றார்.

மூடிக்குள்ளே

கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கருவியை மாட்டியபடி காலையில் அவரோடு மடுல்கெல்லவிலிருந்து கண்டிக்கு இறங்கினேன். அவ்வளவு தூரம் ஓடியும் எஞ்சின் தண்ணீர் சூடாகவில்லை. எஞ்சின் இன்னும் குளிரில் கிடக்கிறது என்று நம்பி, கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

கராஜுக்கு வந்து, எஞ்சினில் தண்ணீர்க் குழாய் சேரும் இடத்து மூடியைத் திறந்தேன். சூடு ஏறும்வரை தண்ணீரை மறித்து வைக்கிற தெர்மோஸ்டட் வால்வு உள்ளே இல்லை. மலையேறும்போது கொதிக்காமலிருக்க அதைக் கழற்றி எறிவது இந்தப் பக்கத்துக் கராஜ்களின் கைவைத்தியம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எந்த மடையன் கழற்றினான், பிள்ளைகளை ஏற்றும் வண்டி என்ற யோசனைகூடக் கிடையாதா என்று தெருவே கேட்கத் திட்டித் தீர்த்தேன். செல்வம் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"போன வருசம் வேன் கொதிச்சப்ப நீங்கதான் பாஸ் கழட்டினீங்க. நம்ம மலைக்கு இது தேவையில்லன்னு சொன்னீங்க," என்றார்.

புது வால்வோடு வேன் தேறிவிட்டது, போன பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பவில்லை, மூன்று வாரமாக நான் எஞ்சினுக்குள் தேடிய பழுதோ ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருக்கிறது.