சத்தம் நின்ற திசை

தோல் எடை போட்டு முத்திரை குத்துகிறவன் எதற்காகப் பேனாவைத் தொடுகிறான் என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். ஆனால் இந்தச் சங்கதியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். மற்ற இருவரும் இதை எழுதப் போவதில்லை. படித்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் குமாஸ்தா. முதலாளி மதராஸிலிருந்து வாங்கி வந்த ரேடியோப் பெட்டி ஒன்று கெட்டுப்போய், ஆவாரம்பட்டைக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரயில்வே ஸ்டேஷனில் தந்தி சிக்னலராக இருந்தவருக்கு பாட்டரி, கம்பி விவகாரமெல்லாம் அத்துப்படி. என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து இருவருமாக அதைப் பிரித்து, கோத்து, மறுபடியும் பிரித்து, கடைசியில் பேச வைத்தோம். என் ஆயுளில் நான் செய்த சாமர்த்தியமான காரியம் அது ஒன்றுதான். அதிலும் பாதிக்கு மேல் அண்ணனுடையது.

அண்ணனுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது தெருவுக்கே தெரியும். எவ்வளவு மந்தம் என்றுதான் யாருக்கும் தெரியாது. ஸ்டேஷனில் தந்தி வரும்போது மேசைமேல் இருக்கும் கருவியின் இரும்பு நாக்கு டக் டக் என்று அடிக்கும். அதைக் கேட்டுத்தான் செய்தியை எழுத வேண்டும். அண்ணன் எழுதும்போது இடது கை ஆள்காட்டி விரலை அந்தக் கருவியின்மேல் வைத்திருப்பார். சிலர் எழுதும்போது காலை ஆட்டுவதில்லையா, அதுபோல ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அவர்மேல் ஒரு புகார் மேலே போயிருந்தது. அடுத்த ஸ்டேஷன்காரர்கள் அனுப்பியதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று புகார். விசாரிக்க வந்த தந்தி இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். வாசலில் இருந்த எங்கள் பெட்டியைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். அவருக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. மதராஸில் அவரும் சில சிநேகிதர்களும் சேர்ந்து கம்பியில்லாத் தந்திக்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆம்பூருக்குத் தெற்கே மலையடிக் காட்டில் ஒரு போட்டி. காட்டுக்குள் எங்கேயோ ஒருவர் சின்ன தந்திப் பெட்டியோடு ஒளிந்துகொண்டு விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் சத்தத்தை வைத்து அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்களும் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, காது விஷயமாக டாக்டரிடம் அனுப்புவதா வேண்டாமா என்று அப்புறம் எழுதுகிறேன் என்றும் சொன்னார்.

அண்ணன் அந்த இரண்டு பேச்சையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

“யோசிச்சுப் பாருப்பா. அவரு கண்ணு முன்னாடி நான் காதால கேட்டு அந்த ஆளப் புடிச்சிட்டேன்னு வெச்சுக்கோ. அப்புறம் எந்த டாக்டரு, எந்தப் புகாரு? காயிதத்தக் கிழிச்சிப் போட்டுருவாரு.”

எனக்கு அது சரியாகவே பட்டது.

போட்டிக்கு ஒரு மரச்சட்டம் வேண்டும். சதுரமான அந்தச் சட்டத்தில் செம்புக்கம்பியைப் பல சுற்றுச் சுற்றி, அதைப் பெட்டியோடு இணைத்துவிட்டால் அதுவே ஏரியல். சட்டத்தை மெதுவாகத் திருப்பினால் சத்தம் கூடும், குறையும், ஒரு நிலையில் அடியோடு நிற்கும். சத்தம் எப்போது பெரிதாகக் கேட்கிறது என்று பார்ப்பதில்லை; எப்போது நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும், அதுதான் துல்லியம். அப்படி நிற்கும்போது சட்டத்தின் முகம் பார்க்கிற நேர்கோட்டில் ஒளிந்திருப்பவர் இருப்பார். முன்னாலா பின்னாலா என்று தெரியாது. அதற்காக இரண்டு இடங்களிலிருந்து பார்த்து, வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால் வெட்டுகிற இடம்தான் அவர் இருக்கும் இடம். கேட்பவர் ஒருவர், சட்டம் பிடிப்பவர் ஒருவர். கேட்பவர் யார் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அண்ணன் தன் பெயரைச் சொன்னார். சட்டம் பிடிக்க நான்.

ஞாயிறு காலையில் அண்ணி புளிசோறு கட்டிக் கொடுத்தார்கள்.

“ஏம்ப்பா, கேக்குற வேலைக்கா இவர வெச்சிருக்கே? நேத்து பால்காரன் வாசல்ல கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போய்ட்டான். எதுத்த ஊட்டு நாய்தான் எழுந்து வந்து கதவப் பிறாண்டிச்சு.”

“இன்னா சொல்றா அவ?” என்றார் அண்ணன்.

“ஒண்ணுமில்ல, ஜெயிச்சிட்டு வாங்கன்றேன்!”

வண்டி ஏறப் போனபோது என்னை மட்டும் நிறுத்தி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்கள். தாழ்த்தத் தேவையில்லை. “மூணும் பொண்ணுங்க. வேலை போச்சுன்னா இந்த ஊடும் போச்சு. பாத்துக்கோப்பா.”

டேனரிக்குப் பட்டை ஏற்றி வரும் பாய்தான் மாட்டுவண்டி ஓட்டினார். என் மடியில் இருந்த சட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா குமாஸ்தா சாப், டேனரியில எடம் பத்தலன்னு ஆட்டுத்தோலக் காட்டுல கொண்டுபோய்க் காய வெக்கப் போறீங்களா?”

“இது கம்பியில்லாத் தந்தி பாய்.”

“கம்பியில்லாத தந்தியா? அதான் சட்டம் பூரா கம்பியச் சுத்தி வெச்சிருக்கீங்களே!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனும் சிரித்தார், நான் சிரித்ததைப் பார்த்து.

காட்டோரத்தில் மதராஸ் மோட்டார்கள் நின்றன. ஐந்தாறு ஜோடிகள் வந்திருந்தார்கள். வேலூரிலிருந்து இரண்டு காலேஜ் மாணவர்கள் அழகான பெட்டியோடு வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் ஊரும் காடும் சேர்ந்த வரைபடம் ஒன்று கொடுத்தார். விசில் ஊதியதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம்.

மூங்கில் புதர்களைத் தாண்டி ஒரு பாறைமேல் பெட்டியை வைத்தோம். வெயில் ஏறிவிட்டது. காது கிழிகிற மாதிரி சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார்.

“காடு இன்னா அமைதியா இருக்குது பாருப்பா” என்றார்.



சட்டத்தைத் திருப்பினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்சம் திருப்பியதும் கையை உயர்த்தினார்: சத்தம் நின்றுவிட்டதாம். இன்னும் திருப்பினேன். கை இறங்கவில்லை. கால்வட்டம் வரும்வரை இறங்கவில்லை. நல்ல காதுக்கு அந்த மௌனம் நூல் பிடித்த மாதிரி ஓரிடத்தில்தான் வரும். அண்ணனுக்குத் திருப்பிய பக்கமெல்லாம் மௌனமாக இருந்தது.

“எங்கண்ணே கோடு போடறது?”

அவர் நடுவாக ஓரிடத்தைக் காட்டினார். போட்டேன். வேறு பாறைக்குப் போய் இன்னொரு கோடு போட்டேன். இரண்டும் வெட்டின. காட்டுக்குள் அல்ல. ஊருக்குள், ஏறக்குறைய எங்கள் டேனரி என்று குறித்திருந்த இடத்தில், தோலின் மயிர் உதிர ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகளின்மேல். அந்த வழியாக வந்த காலேஜ் மாணவர்களில் ஒருவர் எங்கள் வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

“தொட்டிக்குள்ள உக்காந்து தந்தி அடிக்கிறாராமா? சீக்கிரம் போங்க, முடி உதிர்ந்துடப் போவுது!”

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எதையும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி, ஒரு காதுக்குழலை என் பக்கம் நீட்டினார்.

“நீ ஒண்ணு, நான் ஒண்ணு. சத்தம் நிக்கும்போது என் முழங்கைய அழுத்து.”

தலையோடு தலை ஒட்டி நின்றோம். மெல்லிய கீச்சுச் சத்தத்தில், விட்டு விட்டு, தட்டல் வந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. சட்டத்தைத் திருப்பினேன், குறைந்தது, பட்டென்று நின்றது. அவர் முழங்கையை அழுத்தினேன். அவர் கையை உயர்த்தினார். அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு ஓடையைத் தாண்டிப் போய் அடுத்ததைப் போட்டோம். இந்த முறை காட்டுக்குள்ளேயே வெட்டியது. கிழக்குச் சரிவில், பட்டை உரிப்பவர்கள் போட்ட குடிசைகள் இருக்கும் பக்கம். அண்ணன் அந்த வயதில் முள்ளைப் பார்க்காமல் ஓடினார். போகப் போகத் தட்டல் பெரிதானது. அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கும் நம்பிக்கை இருந்தது.

சரிவில் ஓரிடத்தில் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று பெட்டியை இறக்கினோம். அப்போது இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கமாக வந்தார்.

“பரவாயில்லையே! ரொம்பக் கிட்ட வந்துட்டீங்க. எங்க, நீங்க பாக்கறத நான் பாக்கறேன்” என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

முழங்கையை அழுத்த வழியில்லாமல் போனது. அண்ணன் இரண்டு குழலையும் வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். நான் சட்டத்தைத் திருப்பினேன். அவர் கை உயரவுமில்லை, இறங்கவுமில்லை. நெற்றியில் வேர்வை ஓடியது. “ஒரு நிமிஷம் சார், இதுல தூசி” என்றார். ஹெட்போனைக் கழற்றி, ஒரு குழலின் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே மெல்லிய இரும்புத் தகடு. அதன்மேல் இடது கை ஆள்காட்டி விரலை வைத்தார்.

ஸ்டேஷன் கருவியில் விரலுக்கு அடி தெரியும், அது கட்டை இரும்பு. இது மூச்சுக் காற்றுக்கு நடுங்குகிற தகடு. விரல் வைத்தால் துடிக்காது. அது அவருக்கும் தெரியும். அந்தப் பெட்டியைப் பிரித்துக் கோத்தவரே அவர்தான். ஆனால் ஒன்றும் தெரியாமல் போகும்போது அவர் விரல் அழுத்திப் பார்க்கத்தான் பழகியிருந்தது. இன்னும் அழுத்தினார். தகடு மடங்கி உள்ளே இருந்த காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. நகத்தால் நெம்பினார். அது வளைந்தே வந்தது. இரண்டு குழலும் ஒரே கம்பியில் போகிறவை. நெம்பியதில் உள்ளே மயிரிழைக் கம்பி அறுந்து, மற்றதும் ஊமையானது.

நான் சட்டத்தைப் பிடித்தபடி நின்றேன். இன்ஸ்பெக்டர் தகட்டைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு காலமா விரலால படிக்கிறீங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “சார் இன்னா சொல்றாரு?”

இன்ஸ்பெக்டரும் என்னைத்தான் பார்த்தார். நாலு பேர் நடுவில் பேசாதவன் நான். அந்தக் காட்டில் அதை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை அவருக்கு எட்டவில்லை. இரண்டாம் தடவையும் கத்தினேன்.

அண்ணன் குழலின் மூடியைத் திருகி மூடினார். நிதானமாக, மரை ஏறும்வரை.

“விரலு இதுவரைக்கும் ஒரு எழுத்துகூடத் தப்பா எழுதினதில்ல சார்.”

“இருக்கலாம். ஆனா அது ரயில் ஓடுற லைன்” என்றார் இன்ஸ்பெக்டர். இதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இதை நான் கத்தவில்லை. அண்ணனும் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

சரிவுக்குக் கீழே கைதட்டல் கேட்டது. காலேஜ் மாணவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒளிந்திருந்தவர் குடிசையிலிருந்து வெளியே வந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

திரும்பும்போது பாய் ஒருமுறை, “கெடைச்சாரா சாப்?” என்று கேட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் பிறகு மாட்டோடு மட்டும் பேசினார். புளிசோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. பாதி வழியில் அண்ணன் அதைப் பிரித்து எனக்கும் பாய்க்கும் கொடுத்தார். தானும் சாப்பிட்டார்.

வண்டி குவார்ட்டர்ஸ் முன்னால் நின்றது. அண்ணி வாசலுக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். கேலி எதுவும் செய்யவில்லை. “உள்ள வாங்க” என்று அண்ணனிடம் கையால் காட்டினார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து மாற்று சிக்னலர் ஒருவர் வந்து வேலையை ஏற்றுக்கொண்டார். அண்ணனை மதிய வண்டியில் ரயில்வே டாக்டரிடம் அனுப்பினார்கள். டேனரிக்குப் பேரணாம்பட்டிலிருந்து ஈரத்தோல் வந்திருந்தது. சாயங்காலம் வரை எடை போட்டேன்.