இன்ஷிராஹ் நிறுத்திய கூலி

எங்கள் மறுவாழ்வு இல்லத்தில் கூலி என்றால் சிகரெட்தான். கூடத்தைக் கூட்டினால் ஒன்று, குழுவில் உட்கார்ந்து உண்மை பேசினால் ஒன்று. போதையை விட்டொழிக்க அலெக்ஸாந்திரியாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்தவர்கள் புகையை ஊதிக்கொண்டே திருந்தினார்கள். நான் அங்கே சமையல்காரன். என் அவரைச் சட்டியில்கூடப் புகை நாற்றம்.

நர்ஸ் இன்ஷிராஹுக்கு இது பொறுக்கவில்லை. அவள் அண்ணன் ஹெராயினை ஜெயித்தவன். கடைசியில் புகைதான் அவன் நுரையீரலைத் தின்று தீர்த்தது. பிடித்தால் உடும்புப்பிடி அவளுக்கு.

"விஷத்தை விடுன்னு சொல்லிட்டு இன்னொரு விஷத்தைப் பரிசாக் குடுக்கறதா டாக்டர்?"

இயக்குநர் லுத்ஃபி உதட்டில் சிகரெட்டோடு சிரித்தார். "இதையும் புடுங்கினா சுவரேறிக் குதிச்சிடுவானுங்கம்மா. சரி, செஞ்சு பாரு. ஒருத்தன் மறுபடி ஊசிக்குப் போனாலும் நீ வேலையை விட்டுடணும்."

முன்வந்தது ஒரே ஒருவன், மினிபஸ் ஓட்டும் பயூமி. அவன் தோளில் நிகோடின் பட்டை ஒட்டினாள், வாயில் கிராம்பைத் திணித்தாள், கை நடுங்கியபோதெல்லாம் என்னிடம் கீரை நறுக்க அனுப்பினாள். அவ்வளவு பொடியாக நறுக்கிய கீரையை நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவன் தகப்பனார் போய்ச் சேர்ந்தார். துக்கப் பந்தலில் வருகிறவரெல்லாம் மகனுக்குச் சிகரெட் நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் ஜென்மப் பகை.

"அனுப்பாதே. பத்த வச்சான்னா அடுத்தது ஊசிதான்" என்றார் லுத்ஃபி.

"அப்பன் சாவுக்குப் போகாதவன் எதை விட்டு என்ன பிரயோஜனம்?" என்றவள் பயூமியிடம் திரும்பினாள். "நீட்டினா வாங்கிக்கோ. மரியாதை கையோட முடிஞ்சுபோச்சு. வாய் உன்னோடது."

பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டியவன் வரவில்லை. "போயிட்டான்" என்றார் லுத்ஃபி. அவள் வாசல் நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் கொடுத்த தேநீர் ஆறிப்போனது.

விளக்கு வைத்த பிறகு நொண்டிக்கொண்டு வந்தான். லுத்ஃபி உடனே சிறுநீரைச் சோதித்தார். சுத்தம்.

"பஸ்ஸுல அத்தனை பேரும் ஊதறான் சிஸ்டர். நடந்தே வந்துட்டேன்" என்று அங்கிப் பைகளை மேசையில் கவிழ்த்தான். குவியலாகச் சிகரெட். ஒன்றுகூடப் பற்றவைத்ததல்ல.

கூடமே எழுந்து நின்றது. இன்ஷிராஹ் அத்தனையையும் வாரி, நான் பாத்திரம் கழுவும் தொட்டியில் தள்ளினாள்.

"அடிப்பாவி!" என்றான் ஒருவன்.

"நாளையிலேருந்து கூலிக்கு வேற ஏதாவது கேளுங்கடா."

காதில் செருகியிருந்த என் சிகரெட்டை எடுத்துத் தொட்டியில் போட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிராம்பு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.